சமமாக்கிய சத்தம்

பழைய சிடி பிளேயரை விற்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள். வீட்டில் யாரும் சிகரெட் பிடிப்பதில்லை, வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஓடினாலே அதிகம், குழந்தைகளைக் கிட்டே விட்டதே இல்லை. மூடியைக் கழற்றினால் லென்ஸின் மேல் பழுப்பு நிறத்தில் புகை படிந்திருக்கும், டிஸ்க் தட்டுக்கு அடியில் உடைந்த கிரேயான் துண்டு கிடக்கும். கடையின் பின்னறையில் பதினான்கு வருஷமாக மூடி கழற்றிக்கொண்டிருந்த மெக்கானிக்குக்கு மனுஷ ஜாதியின் மேல் இருந்த மரியாதை போனது இப்படித்தான்.

வாங்க வருகிறவர்கள் இதைவிட மோசம் என்பது அவருடைய தீர்மானம். விற்கிறவனாவது தெரிந்து பொய் சொல்கிறான். வாங்குகிறவன் அதைத் தனக்கே சொல்லிக்கொள்கிறான். ஒருவர் பிளேயருக்கு அடியில் கருங்கல் பலகை வைத்த பிறகுதான் பாடகி மூச்சு வாங்குவது கேட்கிறது என்றார். இன்னொருவர் டிஸ்க்கின் ஓரத்தில் பச்சை மை தடவிவிட்டு வயலின் இனிக்கிறது என்று அடித்துச் சொன்னார். கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர் இருந்தார். ஒரே வருஷத்தில் மூன்று பிளேயர் மாற்றினார், மூன்றும் ஒன்றைவிட ஒன்று கனமானவை. அவரிடம் இருந்த டிஸ்க்குகள் மொத்தமே பதினொன்று. அதிலும் எப்போதும் ஒரே பாட்டுதான், அதிலும் முதல் நாற்பது விநாடிதான். மிருதங்கம் விழுந்ததும் "இதைக் கேட்டீங்களா" என்று கையைத் தூக்கி நிறுத்திவிடுவார். அந்தப் பாட்டு எப்படி முடிகிறது என்று அந்த மனுஷனுக்கு இன்றுவரை தெரியாது.

இவர்களை எல்லாம் முன்னறையில் உட்காரவைத்துப் பேசுகிறவர் கடையின் சொந்தக்காரர், மெக்கானிக்கின் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். முன்னறையில் கனத்த திரைச்சீலை, கம்பளம், ஆள் புதைகிற மாதிரி ஒரு நாற்காலி. பின்னறையில் ஒரு பிளைவுட் தடுப்பு, அதற்குப் பின்னால் மெக்கானிக், அவருக்குப் பின்னால் பக்கத்துக் கட்டடத்து ஏசி பெட்டி அனலாகக் காற்று விடுகிற ஒரு ஜன்னல். இரண்டுக்கும் நடுவே போகிற வழியில் ஒரு மேஜை போட்டு மெக்கானிக்கின் மனைவி உட்கார்ந்திருப்பாள். பார்சல் கட்டுவது, கடிதம் எழுதுவது, வேலைச் சீட்டு நிரப்புவது எல்லாம் அவள்.

மச்சானின் தொழில் ரகசியம் மெக்கானிக்குக்கு முதல் மாதமே தெரிந்துபோனது. சாதா பிளேயரை ஓட்டிவிட்டு அடுத்ததாக மேம்படுத்திய பிளேயரைப் போட்டுக் காட்டும்போது, நாற்காலிக்குத் திரும்பி வருகிற வழியில் மச்சானின் விரல் ஆம்ப்ளிஃபையரின் சத்தக் குமிழைத் தொட்டுவிட்டு வரும். மயிரிழைதான். சத்தம் அந்த அளவு கூடினால் யாருக்கும் சத்தம் கூடியதாகத் தெரியாது. தெளிவு கூடியதாகத் தெரியும், ஆழம் தெரியும், இன்னும் என்னென்னவோ தெரியும். பழைய கெபாசிட்டர்களை மாற்றி, லென்ஸைத் துடைத்து, காய்ந்த ரப்பர் பட்டையைப் புதிதாகப் போட்டுத் தருகிற மெக்கானிக்கின் வேலைக்கு இல்லை, அந்த விரல் செய்கிற வேலைக்குத்தான் ஆட்கள் தலையாட்டினார்கள். தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் தனியாகச் சிரித்துக்கொள்வார். காதுள்ளவன் இந்தக் கட்டடத்திலேயே நான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொள்வார். அந்த நினைப்பில்தான் அவர் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் அவர் ஒரு போர்டு செய்யத் தொடங்கினார். பிளேயரிலிருந்து ஒலி வெளியே போகிற கடைசிப் பகுதியை அப்படியே கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தில் பொருத்துகிற, உள்ளங்கை அளவுப் போர்டு. கணக்கு அவருடையது, வரைபடம் அவருடையது, ஒவ்வொரு சால்டரும் அவர் வைத்தது. கடை முடிந்து வீட்டுக்குப் போனதும் கூடத்தில் பழைய பிளேயர் ஒன்று, போர்டு பொருத்திய பிளேயர் ஒன்று என்று வைத்து மாற்றி மாற்றிக் கேட்பார். ஒவ்வொரு தடவையும் போர்டு ஜெயித்தது. குரல் முன்னால் வந்தது, வீணையின் தந்தி அதிர்ந்து அடங்குவது முழுசாகக் கேட்டது. மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவள் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். அன்றைக்கு ஆரம்பித்து ஒரு வாரம் அவளை வறுத்தெடுத்தார். உப்பும் சர்க்கரையும் ஒன்று என்கிற நாக்கு மாதிரி உன் காது என்றார், மரத்துக்குப் போட்டுக் காட்டினால் அதுகூட அசையும் என்றார். அதற்குப் பிறகு அவர் கூப்பிட்டால் வந்து உட்காருவாள், நல்லா இருக்குங்க என்பாள், எழுந்து போய்விடுவாள். தனக்குக் காது கிடையாது என்று அவளும் நம்பிவிட்டாள்.

போர்டு முடிந்ததும் மச்சானிடம் சொன்னார். இனி கடையில் மேம்படுத்துகிற எல்லா பிளேயரிலும் இதுதான் போகும், வேலைச் சீட்டில் தன் பெயர்தான் இருக்கும், தடுப்பை எடுத்துவிட்டுத் தானும் முன்னறையில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பேசுவேன் என்றார். மச்சான் சட்டென்று வேண்டாம் என்று சொல்லுகிற ரகம் இல்லை. பல் டாக்டர் வந்து கேட்கட்டும், அவர் தலையாட்டினால் சரி என்றார்.

பல் டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வட்டாரத்து ஆடியோ ரசிகர்கள் அவரைத் தங்கக் காது என்பார்கள். அவர் நல்லது என்றால் முப்பது பேர் வாங்குவார்கள், முகம் சுளித்தால் அந்த மாடலைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பகல் முழுக்க டிரில் மிஷினின் அலறலுக்கு ஒரு சாண் தூரத்தில் காதை வைத்திருக்கிற மனுஷனுக்கு அந்தப் பட்டத்தை யார் கொடுத்தார்கள் என்பது மெக்கானிக்குக்குத் தீராத ஆச்சரியம். இந்த ஆளின் வாயிலிருந்து நல்ல வார்த்தை வர வேண்டும் என்று அவர் ஏங்கினார் என்பதுதான் அதைவிட ஆச்சரியம். முட்டாள் என்று முடிவு கட்டிய ஒருவனிடம் போய்ப் பாராட்டு வாங்க நிற்பது எவ்வளவு பெரிய கேவலம் என்று அவருக்கு உறைக்கவில்லை.

ஒன்றில் மட்டும் அவர் கறாராக இருந்தார். இந்தத் தடவை மச்சானின் விரல் உள்ளே வரக்கூடாது. ஒரே மாடலில் இரண்டு பிளேயர், ஒன்று கம்பெனியிலிருந்து வந்தபடி, ஒன்றில் போர்டு. இரண்டின் சத்தத்தையும் மீட்டர் வைத்து அளந்து சமமாக்கி, சத்தக் குமிழின் மேல் காகிதம் ஒட்டிவிடுவேன் என்று எல்லோரிடமும் சொன்னார். மச்சான் முகத்துக்கு நேராகவே சொன்னார். "நான் ஜெயிச்சா நேர்மையா ஜெயிக்கணும் மச்சான். உங்க கைவரிசை எல்லாம் எனக்கு வேண்டாம்."

மச்சான் கோபித்துக்கொள்ளவில்லை. சரி மாப்பிள்ளை என்று சிரித்தார், அவ்வளவுதான்.

பல் டாக்டர் நான்கு மணிக்கு வருவதாக இருந்தது. காலையில் மச்சான் யாரோ விற்கிற பிளேயரைப் பார்க்கப் போய்விட்டார், மனைவி பார்சல் அனுப்பப் போய்விட்டாள். மெக்கானிக் ஒரே சீரான ஊதல் ஒலி பதிந்த சோதனை டிஸ்க்கை முதல் பிளேயரில் போட்டு, ஒலி வெளியே வருகிற பின்பக்க முனையில் மீட்டர் கம்பியை வைத்தார். இரண்டு வோல்ட். இருக்க வேண்டியது அதுதான். டிஸ்க்கை எடுத்துத் தன் போர்டு இருக்கிற பிளேயரில் போட்டார். இரண்டு புள்ளி இரண்டு.

மீட்டரின் பேட்டரி போய்விட்டது என்று முதலில் நினைத்தார். பேட்டரியை மாற்றினார். இரண்டு புள்ளி இரண்டு. பிளேயரின் மூடியைக் கழற்றிப் போர்டைப் பார்த்தார். சத்தத்தின் அளவைத் தீர்மானிக்கிற ஒரு ஜோடி ரெசிஸ்டரில், அளவைக் குறிக்கிற நிற வளையங்களின் நடுவில் கறுப்பு வளையம் இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு வளையம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஒருநாள் சரியான அளவு கையில் இல்லை. இப்போதைக்கு இருக்கட்டும் என்று அடுத்த அளவை வைத்து, நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார். அந்த நாளை வரவே இல்லை. போர்டு மற்றதைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதல் சத்தமாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. மயிரிழைதான்.

மீட்டரை அவர் ஒரு தடவைகூட வைத்துப் பார்த்ததில்லை. தன் காதுக்கு எதற்கு மீட்டர் என்று இருந்துவிட்டார்.

இழுப்பறையில் சரியான ரெசிஸ்டர் இப்போது இருநூறு கிடந்தது. ஒரு ஜோடியை எடுத்து மாற்றினார். மீட்டர் இரண்டு வோல்ட் என்றது. முன்னறைக்குத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு பிளேயரையும் ஆம்ப்ளிஃபையரில் சொருகி, ஒரே டிஸ்க்கின் இரண்டு பிரதிகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, அந்தப் புதைகிற நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு, பிளேயரை மாற்றுகிற ரிமோட்டை எண்ணாமல் நாலைந்து தடவை அழுத்தி, இப்போது ஓடுவது எது என்று வாய்விட்டுச் சொல்லி, பிறகு கண்ணைத் திறந்து பார்த்தார். தப்பு. மறுபடி. சரி. மறுபடி. தப்பு. பன்னிரண்டு தடவையில் ஐந்து சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தால் இதைவிட நன்றாக வந்திருக்கும்.

குரல் முன்னால் வரவில்லை. வீணையின் தந்தி இரண்டிலும் ஒரே மாதிரிதான் அதிர்ந்து அடங்கியது. மூன்று வருஷம் அவர் கேட்டது எல்லாம் சத்தம். கருங்கல் பலகைக்காரரும், பச்சை மைக்காரரும், பாட்டு முடிவு தெரியாத ஒப்பந்தக்காரரும் எந்த வரிசையில் நின்றார்களோ அதே வரிசையில், அவர்களுக்கு முன்னால், அவர் நின்றுகொண்டிருந்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மச்சானிடம் சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தார். இன்றைக்கு வேண்டாம், போர்டில் ஒரு தப்பு இருக்கிறது என்றால் முடிந்தது. மச்சான் திட்ட மாட்டார், அது தெரியும். சிரிப்பார். அப்படியா மாப்பிள்ளை என்று தோளைத் தட்டிவிட்டு, பதினான்கு வருஷமாகத் தடுப்புக்குப் பின்னாலிருந்து கேட்ட சிரிப்பை எல்லாம் ஒரே நிமிஷத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஊரையே மட்டம் தட்டுகிறவனுக்குத் தன்னை ஒருவன் மட்டம் தட்டுவதைத் தாங்கத் தெரியாது. மெக்கானிக் பிளேயரைப் பின்னறைக்கு எடுத்துப் போனார். சரியான ஜோடியைக் கழற்றினார், தப்பான ஜோடியை அதே இடத்தில் திரும்ப வைத்தார். சால்டர் அழகாகப் பளபளத்தது.

மனைவி திரும்பி வந்தாள். வருகிறவர்களுக்குக் காட்ட அளவுகளை ஒரு தாளில் எழுதச் சொல்லி அண்ணன் சொல்லியிருப்பதாகச் சொல்லி, பேனாவோடு வந்து நின்றாள்.

"முதலாவது எவ்வளவுங்க?"

"ரெண்டு வோல்ட்."

"அடுத்தது?"

"அதேதான்."

அவள் எழுதிக்கொண்டாள். கணவர் சொன்ன எண்ணை அவள் எந்த நாளும் சந்தேகப்பட்டவள் இல்லை.

நான்கு மணிக்கு பல் டாக்டர் வந்தார், கூடவே ஒப்பந்தக்காரரும் வந்தார். இத்தனை வருஷத்தில் மெக்கானிக்கை ஏசி ரிப்பேர்க்காரர் என்றே டாக்டர் நினைத்திருந்தார் என்பது அறிமுகம் செய்தபோது தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வெளியே வைக்கச் சொன்னார். அதன் முள் நகர்கிற சத்தம் குரலின் நடுப்பகுதியை இறுக்குகிறதாம். மச்சான் முக்காலி போட்டு ஏறிக் கழற்றினார். அளவு எழுதிய தாளை நீட்டினார், குமிழின் மேல் ஒட்டிய காகிதத்தைக் காட்டினார், இன்றைக்கு நான் எதையும் தொடப் போவதில்லை என்று இரண்டு கையையும் விரித்தார். அவர் தொழிலில் கை சுத்தமாக இருந்த நாள் அது ஒன்றுதான்.

முதல் பிளேயர் ஓடியது. டாக்டர் தாடையைத் தடவினார். சுமார் என்றார், கொஞ்சம் மூடினாற்போல் இருக்கிறது என்றார். ஒப்பந்தக்காரரும் தாடையைத் தடவினார். மச்சான் ரிமோட்டை அழுத்தினார். இரண்டாவது ஓடியது. டாக்டர் நிமிர்ந்தார். கண்ணை மூடி ஒரு விரலை மேலே தூக்கினார், விரல் அங்கேயே நின்றது.

"திரை விலகிடுச்சு," என்றார்.

இந்த வாக்கியத்தை மெக்கானிக் தடுப்புக்குப் பின்னாலிருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறார். எதனால் திரை விலகியது என்று அந்த அறையில் அவருக்கு மட்டும் அட்சரம் பிசகாமல் தெரியும். அப்படியும் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. உடம்பு முழுக்கச் சந்தோஷம். டாக்டர் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். இப்படிப்பட்ட மனுஷரை எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள் என்று மச்சானைக் கேட்டார். தன் பிளேயர்கள் இரண்டுக்கும் இந்தப் போர்டு வேண்டும் என்றார். ஒப்பந்தக்காரர் தனக்கு மூன்று என்றார்.

டாக்டருக்கு மனசு நிறைந்துவிட்டால் எல்லோரையும் சமமாக நடத்துகிற பெருந்தன்மை வந்துவிடும். வழியிலிருந்த மேஜைப் பக்கம் திரும்பி, நீங்களும் கேட்டீர்களே, உங்கள் அபிப்பிராயம் என்னம்மா என்றார்.

அவள் எழுந்து நின்றாள். கணவரை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "எனக்கு இதெல்லாம் அவ்வளவாத் தெரியாதுங்க. ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. ரெண்டாவது கொஞ்சம் சத்தமா கேக்குது, அவ்வளவுதான்."

மச்சானின் பார்வை முதலில் குமிழுக்குப் போனது. காகிதம் கிழியாமல் இருந்தது. அங்கிருந்து மெக்கானிக்கின் முகத்துக்கு வந்தது, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. மச்சானுக்கு வோல்ட் தெரியாது, ரெசிஸ்டர் தெரியாது, இந்த ஒன்று மட்டும் நன்றாகத் தெரியும். அந்தப் பார்வையில் கேலி இல்லை. ஒரே தொழில் செய்கிறவனைப் பார்க்கிற பாசம் இருந்தது. பதினான்கு வருஷத்தில் மச்சான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

ஆமாம் சார், அவள் சொல்வது சரி என்று மெக்கானிக் சொல்லியிருக்கலாம். ஐந்து வார்த்தை. அவை வாய்க்கு வரவே இல்லை.

"அவளுக்குக் காது கிடையாது சார்," என்றார். "வீட்டுலயும் இப்படித்தான். எதைப் போட்டாலும் ஒண்ணுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒப்பந்தக்காரர் தன் வீட்டிலும் இதே கதைதான் என்றார், மறுபடி சிரித்தார்கள். மெக்கானிக்கும் சிரித்தார், மற்றவர்களைவிட ஒரு பங்கு கூடுதலாகவே. அவள் தலையைக் குனியவில்லை, கோபப்படவும் இல்லை. அவர் சொல்வது உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்புகிற முகத்தோடு, ஒரு தப்பு செய்துவிட்டவள் மாதிரி, சாரிங்க என்று டாக்டரைப் பார்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அந்தக் கட்டடத்திலேயே காதுள்ள ஒரே ஆள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மச்சான் சூட்டோடு சூடாகச் சீட்டு போடச் சொன்னார். இனி வேலைச் சீட்டில் மாப்பிள்ளை பெயர்தான் என்று எல்லோர் முன்னாலும் அறிவித்தார். தடுப்பை நாளைக்கே எடுத்துவிடலாம் என்றார். அவள் புதுச் சீட்டை எடுத்து டாக்டர் பெயர், பிளேயர் மாடல், தேதி என்று ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு வந்து ஒரு கட்டத்தில் நின்றாள்.

"செய்யற வேலைன்னு இருக்குங்க. என்ன எழுதட்டும்?"

அவர் அவள் குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினார். இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இல்லை. நிஜமாகவே என்ன எழுதுவது என்றுதான் கேட்டாள். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். மூன்று வருஷம் செய்த வேலைக்குப் பெயர் வைக்க வேண்டிய நேரத்தில் அவருக்கு நினைவுக்கு வந்தது ஒரு பழுப்பு வளையம் மட்டும்தான்.

"திரை விலக்கல்னு போடுங்கம்மா," என்றார் டாக்டர்.

பிரமாதம் என்றார் மச்சான். அவள் உருண்டை உருண்டையான எழுத்தில் அப்படியே எழுதி, சீட்டைத் திருப்பி வைத்து, பெயர் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினாள். மெக்கானிக் பேனாவை வாங்கி முழுப் பெயரையும் இனிஷியலோடு போட்டார்.